302 எங்கே போச்சு? தருமபுரி கோர்ட் எதிரே ஒரு டைப்பிங் கடை

இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. முன்பு ஒன்று இருந்தது. ரோட்டை அகலப்படுத்தியபோது கழற்றி உள்ளே வைத்தார்கள், திரும்ப மாட்டவே இல்லை. தருமபுரி கோர்ட்டுக்கு வருகிற யாரையாவது நிறுத்தி "டைப்பிங் அக்கா கடை எங்கே?" என்று கேளுங்கள், கையைக் காட்டுவார்கள். டீக்கடைக்கும் ஸ்டாம்ப் வெண்டருக்கும் நடுவில் ஒரு ஷட்டர் அகலம்தான் கடை.

நான் இங்கே ஒரு வக்கீல் ஆபீசில் 22 வருடமாகக் குமாஸ்தா. பொம்பளை குமாஸ்தாவா என்று இன்னமும் சிலர் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். வாரத்தில் ஐந்து நாள் இந்தக் கடை வாசலில் நிற்கிறவள் என்பதால், ஒரு தரம் போய்விட்டு வந்து நட்சத்திரம் போடுகிற விமர்சனமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஸ்கேனர், லேமினேஷன் போடுகிற சின்னப் பெட்டி ஒன்று. மேசைக்கடியில் பழைய டைப்ரைட்டர் கிடக்கிறது, அக்கா இப்போது அதன்மேல்தான் காலை வைத்துக்கொள்கிறார். தமிழ் டைப்பிங் பக்கம் 30 ரூபாய், இங்கிலீஷ் 25. ஜெராக்ஸ் 2 ரூபாய், கட்டுக்கட்டாகக் கொடுத்தால் ஒன்றரை. வக்காலத்து ஃபாரம், மெமோ, டாக்கெட் ஷீட், நாடா எல்லாம் உண்டு. சரி, இதெல்லாம் எந்தக் கோர்ட் வாசலிலும் கிடைப்பதுதான். நான் எழுத வந்தது, 2024 ஜூலை 1இல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறி, செக்ஷன் எண்களெல்லாம் இடம் மாறியதற்காக அக்கா போட்ட அட்டையைப் பற்றி.

லீகல் சைஸ், இரண்டு பக்கமும் அச்சு, லேமினேட் செய்தது, 70 ரூபாய். இடது ஓரம் பழைய செக்ஷன், வலது ஓரம் புதிய செக்ஷன், நடுவில் குற்றம் என்னவென்று நாலே வார்த்தை தமிழில். முன்பக்கம் ஐ.பி.சி.க்கு, அதாவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். பின்பக்கம் சி.ஆர்.பி.சி.க்கு, அதாவது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். அடியில் சாட்சியச் சட்டத்துக்கு ஒரு சின்னக் கட்டம். பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற முழுப் பெயர்களைத் தலைப்பில் ஒரே ஒரு தடவைதான் போட்டிருக்கிறார். அதற்கே மூன்று முறை ப்ரூஃப் பார்த்தாராம். எங்கள் சார் அந்த நடுப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை.

எங்கள் ஆபீசில் கனமான புத்தகங்கள் வாங்கி வைத்திருக்கிறோம். ஒப்பீட்டு அட்டவணையும் அதன் பின்னால் இருக்கிறது. ஐ.பி.சி.யில் 511 செக்ஷன், புதியதில் 358. நடைமுறைச் சட்டம் 484இலிருந்து 531 ஆனது. சாட்சியச் சட்டம் 167இலிருந்து 170. அத்தனையும் வரிசையாக அச்சடித்திருக்கிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காலை பத்தே காலுக்கு, பென்ச் கிளார்க் கூப்பிடப் போகிற நேரத்தில், பக்கம் புரட்ட எவளுக்கு முடியும்?

அக்கா என்ன செய்தார் என்றால், தன் கம்ப்யூட்டரில் கிடந்த மூன்று வருடத்துப் பழைய ஃபைல்களை இரவெல்லாம் திறந்து பார்த்து, நம் கோர்ட்டுகளில் நிஜமாகவே புழங்குகிற செக்ஷன்களை மட்டும் பொறுக்கி எடுத்தார். மொத்தம் 140 வரி. அதையும் எண் வரிசையில் அடுக்கவில்லை. எது அதிகம் வருகிறதோ அது மேலே.

அதனால் முதல் வரி 302 இல்லை. 294(பி), 323, 506(1). பாலக்கோட்டுப் பக்கம் தக்காளித் தோட்டத்து வரப்பில் மண்வெட்டி ஒரு கொத்து தள்ளி விழுந்தால் போதும், பென்னாகரத்தில் பங்குக் கிணற்றில் மோட்டார் முறை மாறினால் போதும், அரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பொதுக்குழாயடியில் குடம் முந்தினால் போதும். கெட்ட வார்த்தையில் திட்டினார், கையால் அடித்தார், கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார். இந்த மூன்று எண்ணும் எனக்கு வாய்ப்பாடு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்போது அது 296(பி), 115(2), 351(2). கட்டை, கல் ஏதாவது கையில் இருந்தால் கூடவே 118(1), அதாவது பழைய 324. வழியை மறித்திருந்தால் 126(2), அது பழைய 341. எண் மாறி இவ்வளவு நாள் ஆகியும் இன்னமும் என் நாக்கு முதலில் பழையதைத்தான் சொல்கிறது. அப்புறம் அட்டையைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறேன்.

அட்டையின் வலது ஓரத்தில் சிவப்பில் ஒரு பட்டை இருக்கிறது. "பழைய நம்பர், புது ஆள்" என்று தலைப்பு. என்னைக் கேட்டால் 70 ரூபாயும் இந்தப் பட்டைக்கே தகும். பழைய எண் எதுவாக மாறியது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதே எண்ணில் இப்போது யார் குடியிருக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. 302 என்றால் கொலை என்று குழந்தைக்கும் தெரியும். கொலை இப்போது 103(1). புதிய 302 என்பது மத உணர்வைப் புண்படுத்த வேண்டும் என்றே பேசுவது. 420 என்று ஒன்றே கிடையாது, புத்தகம் 358இல் முடிந்துவிட்டது. ஏமாற்றியவன்மேல் போடுவது இனி 318(4). ஊரில் இன்னும் "அவன் சரியான ஃபோர் ட்வென்டி" என்றுதான் சொல்கிறார்கள், 318(4) என்று திட்டினால் திட்டு மாதிரியே இருக்காது.

306 முன்பு தற்கொலைக்குத் தூண்டியது. அது இப்போது 108க்குப் போய்விட்டது. புதிய 306, குமாஸ்தாவோ வேலைக்காரரோ முதலாளி பொருளைத் திருடுவது. முன்பு 381இல் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அக்கா இதைக் கண்டுபிடித்த அன்று என்னைக் கூப்பிட்டு, "இந்தா, உனக்குன்னே ஒரு செக்ஷன் முன்னாடி கொண்டாந்து வெச்சிருக்காங்க பாரு" என்றார். பட்டையில் அதற்கு மட்டும் தடித்த எழுத்து.

எல்லாவற்றிலும் 144தான் உச்சம். தடை உத்தரவு என்றால் 144, கூட்டம் கூடக்கூடாது, கடையை மூடு. அது பி.என்.எஸ்.எஸ்.ஸில் 163 ஆகிவிட்டது. காலியான 144இல் வந்து உட்கார்ந்திருப்பது ஜீவனாம்சம், பழைய 125. புருஷன் விட்டுப் போன ஒரு பெண், காரிமங்கலம் பக்கம், கைக்குழந்தையோடு ஆபீசுக்கு வந்தாள். "கவலைப்படாதம்மா, 144 போடலாம்" என்று நான் வாய் தவறாமல்தான் சொன்னேன். அவள் மிரண்டுபோய், "அய்யோ, எங்க ஊர்ல கலவரமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க அக்கா" என்றாள். அட்டையை எடுத்து அந்த வரியைக் காட்டிய பிறகுதான் நம்பினாள்.

இந்த அட்டை எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அக்காவின் இரண்டாவது கம்ப்யூட்டரில் எப்போதும் சன்சத் டிவி ஓடும். சீரியல் பார்க்கிற மாதிரி பார்லிமெண்ட் பார்ப்பார். இந்தி தெரியாது. "முகத்தைப் பார்த்தாலே பாதி புரியும்" என்பார். 2023 ஆகஸ்ட் 11ஆம் தேதி இந்த மூன்று சட்டங்களின் மசோதாக்களும் மக்களவைக்கு வந்த அன்றே, "நம்ம பொழப்பு மாறப் போகுது" என்று சொன்னவர் அவர்தான். எங்கள் சார் சிரித்தார். 1860லிருந்து இருக்கிற சட்டம், அதை எழுதவே 1830களில் மெக்காலே காலத்தில் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் இழுத்தது, அவ்வளவு சீக்கிரம் மாற்றிவிடுவார்களா என்றார். நியாயமான கேள்விதான். மசோதாக்கள் உள்துறை நிலைக்குழுவுக்குப் போயின. நவம்பரில் குழு அறிக்கை கொடுத்தது. டிசம்பர் 12ஆம் தேதி பழைய மசோதாக்களை வாபஸ் வாங்கிக்கொண்டு திருத்திய மூன்றைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் 13ஆம் தேதி. 2001இல் பார்லிமெண்ட் தாக்கப்பட்ட அதே தேதி, 22 வருடம் கழித்து. பார்வையாளர் மாடத்திலிருந்து இரண்டு பேர் அவைக்குள் குதித்து மஞ்சள் புகையைக் கிளப்பினார்கள். புதுக் கட்டடம், அத்தனை காவல், அதற்குள்ளே. நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தோம். உள்துறை அமைச்சர் அவைக்கு வந்து பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. கையில் கோரிக்கை எழுதிய பதாகைகளைப் பிடித்துக்கொண்டு கோஷம். அதற்குத்தான் எம்.பி.க்களை சஸ்பெண்ட் செய்வது ஆரம்பித்தது.

அக்கா தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதினார், பால் கணக்கு எழுதுகிற மாதிரி. அந்தத் தாள் இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது, போனால் பாருங்கள். 14ஆம் தேதிக்கு நேராக 15 என்று எழுதி, அடித்து, 14 என்று போட்டிருக்கும். மக்களவையில் 14 பேர், மாநிலங்களவையில் ஒருவர் என்றுதான் முதலில் அறிவித்தார்கள். அதில் ஒருவர் அப்போதைய சேலம் எம்.பி. பார்த்திபன். அவர் அன்றைக்கு டெல்லியிலேயே இல்லை! பிறகு அவர் பெயரை எடுத்தார்கள். "கோர்ட்ல ஆஜராகாதவன் மேல கன்டெம்ப்ட் போட்ட மாதிரி இல்ல இருக்கு" என்று அக்கா சொன்னது எனக்கு மறக்காது. 18ஆம் தேதி ஒரே நாளில் 78. 19ஆம் தேதி 49, அதில் அப்போதைய நம் தருமபுரி எம்.பி. செந்தில்குமாரும் ஒருவர். 20ஆம் தேதி 2. 21ஆம் தேதி 3, அதில் ஓசூருக்கு அந்தப் பக்கம் பெங்களூரு ஊரகத்தின் அப்போதைய எம்.பி. டி.கே. சுரேஷ். கூட்டினால் 146. மக்களவையில் மட்டும் 100.

இதை எழுதும்போது ஒரு கட்சிக்காரி மாதிரி தெரிந்தால் அது என் தப்பு. 1989 மார்ச்சில் காங்கிரஸ் ஆட்சியில் ஒரே நாளில் 63 பேரை மக்களவையிலிருந்து வெளியேற்றியிருக்கிறார்கள். ஆட்கள் மாறுகிறார்கள், நாற்காலி காலியாவது மாறவில்லை.

20ஆம் தேதி மத்தியானத்துக்கு மேல் நான் ஒரு பெயில் பெட்டிஷனோடு கடையில் நின்றேன். அக்கா அதைத்தான் டைப் செய்துகொண்டிருந்தார். எதிரே டிவியில் உள்துறை அமைச்சர் அமித் ஷா மசோதாக்களுக்குப் பதில் பேசிக்கொண்டிருந்தார். கேமரா அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் எதிர்க்கட்சி வரிசையில் வெறும் பச்சை மெத்தை. ஐதராபாத் எம்.பி. ஒவைசி மாதிரி சிலர் இருந்து எதிர்த்துப் பேசினார்கள், அதையும் சொல்ல வேண்டும். கடையில் லைசென்ஸ் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு லாரி டிரைவர் இருந்தார். நாக்பூர் வரை வண்டி ஓட்டுகிறவர், இந்தி கொஞ்சம் தெரியும். அவர்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். "வெள்ளக்காரன் சட்டம் தண்டனை குடுக்கறதுக்கு, இது நியாயம் குடுக்கறதுக்குன்றாருங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ரொம்ப வேகமாப் பேசறாரு, உட்டுட்டேன்" என்றார்.

அப்புறம் குரல் வாக்கெடுப்பு. தலைவர் கேட்பார், ஆதரிக்கிறவர்கள் ‘ஆம்’ என்று சத்தம் போடுவார்கள், எதிர்க்கிறவர்கள் ‘இல்லை’ என்று சத்தம் போடுவார்கள், எந்தச் சத்தம் பெரிது என்று தலைவர் காதுக்குப் படுகிறதோ அது ஜெயித்தது. தலையை எண்ணுவது கிடையாது. யாராவது கேட்டால்தான் எண்ணுவார்கள். கேட்க வேண்டியவர்களில் 97 பேர் அன்றைக்குக் கணக்கில் இல்லை. சத்தம் வந்தது, முடிந்தது. மறுநாள் 21ஆம் தேதி மாநிலங்களவையும் அதே மாதிரி. 25ஆம் தேதி குடியரசுத் தலைவர் கையெழுத்து.

அக்காவின் விரல் அப்போது "294(பி), 323" வரைக்கும் அடித்துவிட்டு 506இல் நின்றிருந்தது. ஸ்க்ரீனைப் பார்த்தார். "அவ்ளோதானா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மீதியையும் அடித்து, பிரிண்ட் எடுத்து, 90 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

லாரி டிரைவர் கதை அதோடு முடியவில்லை. ஜனவரி முதல் வாரம் அவர் திரும்ப வந்தார், இந்தத் தடவை கோபத்தோடு. விபத்து செய்துவிட்டுச் சொல்லாமல் ஓடினால் பத்து வருடம் வரை உள்ளே என்று 106(2) சொல்கிறது, வட மாநிலங்களில் லாரிக்காரர்கள் ஸ்ட்ரைக், பெட்ரோல் பங்க்கில் வரிசை. "அன்னிக்கு இங்க ஓடிச்சே, அதுக்குள்ளதாங்க இதுவும் இருந்திருக்குது. எனக்குத்தான் புரியல" என்றார். விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாயில் வாரம் இரண்டு தடவை இறங்குகிறவருக்குப் பயம் இருக்காதா? நின்றால் கூட்டம் அடிக்கும், ஓடினால் பத்து வருடம். ஜனவரி 2ஆம் தேதி ராத்திரி மத்திய உள்துறைச் செயலாளர் பேச்சுவார்த்தை நடத்தி, ஆலோசிக்காமல் அமல்படுத்த மாட்டோம் என்றார். பிப்ரவரியில் வந்த அறிவிப்பில் ஜூலை 1 முதல் எல்லாம் அமலுக்கு வரும், 106(2) மட்டும் வராது என்று போட்டார்கள்.

146 பேர் உள்ளே இருந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ரோட்டில் வண்டியை நிறுத்தித்தான் கேட்க முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. அட்டையில் அந்த வரிக்கு நேராக "நிறுத்தி வைப்பு" என்று சிவப்பில் இருக்கும். பக்கத்திலேயே, அஜாக்கிரதையால் உயிர் போனால் போடுகிற பழைய 304(ஏ)க்கு 106(1), இரண்டு வருடம் என்பது ஐந்து வருடம் ஆனதும் இருக்கும். தாறுமாறாக வண்டி ஓட்டுகிற 279க்கு 281, அதில் காயம் பட்டால் போடுகிற 337க்கு 125(ஏ). தொப்பூர் கேஸ் பார்க்கிற வக்கீல்கள் இந்த மூன்று வரிக்காகவே அட்டை வாங்குகிறார்கள்.

ஜூலை 1, 2024. தமிழ்நாட்டில் பல ஊர்களில் வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தார்கள், இந்திப் பெயர் ஒரு காரணம், அவசரம் ஒரு காரணம். அதே மாதம் மாநில அரசு ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்யநாராயணன் தலைமையில் ஒரு நபர் குழு போட்டது. இதெல்லாம் பேப்பரில் வந்தது. பேப்பரில் வராதது அக்கா கடை வாசல். முதலில் வந்து வாங்கியவர்கள் வக்கீல்கள் இல்லை, போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர்கள். எஃப்.ஐ.ஆர். முதலில் எழுத வேண்டியது அவர்கள்தானே. பைக்கை நிறுத்தாமலே "ரெண்டு குடுங்கக்கா" என்று வாங்கிப் போனார்கள்.

பெரிய குழப்பம் எண் மாறியதில் இல்லை, தேதியில். ஜூன் 29 அன்று அடிதடி. ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஜூலை 3ஆம் தேதி வந்து புகார் கொடுக்கிறார். எந்தச் சட்டம்? குற்றம் பழைய ஐ.பி.சி.யில், எஃப்.ஐ.ஆர். போடும் முறை புதிய பி.என்.எஸ்.எஸ். 173இல். ஒரே தாளில் பாதி பழசு, பாதி புதுசு. அட்டையின் மூலையில் அக்கா ஒரு சின்னக் கட்டம் போட்டிருக்கிறார்: "சம்பவம் எப்போ? புகார் எப்போ?" இரண்டு தேதியைப் பார், விடை கிடைக்கும். இவ்வளவு எளிமையாக இதை எழுதிய புத்தகம் என் கண்ணில் படவில்லை.

அதனால் பழைய சட்டம் செத்துவிட்டது என்று யாரும் அட்டையின் இடது ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். நம் ஊரில் வழக்குகளுக்கு ஆயுள் கெட்டி. அரூர்ப் பக்கம் வாச்சாத்தி மலைக்கிராமத்தில் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து பெண்களைச் சீரழித்த கொடுமை நடந்தது 1992 ஜூனில். தருமபுரி செஷன்ஸ் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்தே போயிருந்தார்கள், மீதி 215 பேருக்கும் தண்டனை. ஹைகோர்ட் அதை உறுதி செய்ய 2023 செப்டம்பர் ஆனது. 2011இல் தீர்ப்பு வந்த அன்றைக்கு இங்கே கோர்ட் வளாகத்தில் வாச்சாத்திப் பெண்கள் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அந்த மாதிரி ஒரு கேஸ் 2024 ஜூன் மாதம் நடந்திருந்தால் 2043லும் யாரோ ஒரு குமாஸ்தா பாலியல் வன்கொடுமைக்கு 376 என்று பழைய எண்ணைத்தான் டைப் அடிக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இனி குறைகள். நிறைய இருக்கிறது.

முதல் பதிப்பு அட்டையில் பின்பக்கத் தலைப்பில் ஒரு ‘எஸ்’ விட்டுப்போனது. பி.என்.எஸ்.எஸ். என்று இருக்க வேண்டியது பி.என்.எஸ். என்று அச்சாகிவிட்டது. ஒரு எழுத்துதானே என்று தோன்றும். ஒரு வெள்ளிக்கிழமை முன்ஜாமீன் பெட்டிஷன் போட்டோம். முன்ஜாமீன் பழைய 438, புதிய 482. நான் அட்டையைப் பார்த்து "பி.என்.எஸ். 482" என்று சொன்னேன், அக்கா அடித்தார், சார் அவசரத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்று பேர் கண்ணிலும் படவில்லை. 358இல் முடிகிற சட்டத்தில் ஏது 482? அதுவும் பழைய 482 என்பது ஹைகோர்ட்டில் வழக்கையே ரத்து செய்யச் சொல்லிக் கேட்பது, இப்போது அது 528. "எந்தச் சட்டத்தின் கீழ் என்று தெளிவாகக் குறிப்பிடவும்" என்று பெட்டிஷன் ரிட்டர்ன் ஆகிவிட்டது. சரிதான், ரிட்டர்ன் செய்யாமல் என்ன செய்வார்கள்?

நடுவில் சனி, ஞாயிறு. முன்ஜாமீன் கேட்ட பையன் கைதுக்குப் பயந்து மாமா வீட்டு மாந்தோப்பில் இன்னும் மூன்று ராத்திரி கொசுக்கடியில் படுத்திருந்தான். அவன் அம்மா கடை வாசல் படியில் உட்கார்ந்து, "ஒரு எழுத்துக்காங்க சாமி?" என்று கேட்டார். நான் அட்டையைப் பையில் போட்டு ஜிப்பை மூடினேன். திங்கட்கிழமை திருத்திப் போட்டோம், கோர்ட் ஏற்று நம்பர் கொடுத்தது. அந்த டைப்பிங்குக்கு அக்கா காசு வாங்கவில்லை. விற்ற அட்டைகளைக் கண்ணில் படும்போதெல்லாம் வாங்கி, கூரான மார்க்கரில் ‘எஸ்’ போட்டுக் கொடுத்தார். தப்பை மறைக்காத கடை என்பதால்தான் இன்னமும் அங்கேயே போகிறேன்.

இன்னொன்று, டிவி. பார்லிமெண்ட் நடக்கிற நாட்களில் டைப்பிங்கை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பாருங்கள். போன வருடம் ஒரு மெமோவில் "கனம் நீதிபதி அவர்கள்" என்று வர வேண்டிய இடத்தில் "மாண்புமிகு அவைத்தலைவர் அவர்கள்" என்று அடித்துவிட்டார். நல்லவேளை, நான் பார்த்தேன்.

பத்திலிருந்து பத்தரை வரை கூட்டம் தாங்காது. பெண்கள் உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பணம் வந்ததும் கத்துகிற அந்த ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தைக் குறைக்கவே மாட்டார். எழுத்து அளவு சின்னது, வயதான வக்கீல்கள் கையை நீட்டி, கண்ணைச் சுருக்கி, கடைசியில் என்னிடம் நீட்டுகிறார்கள். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்தால் லேமினேஷன் ஓரம் அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ளும்.

விலையைப் பற்றி ஒரு சிலருக்குப் புகார் உண்டு, ஜெராக்ஸ் போட்டால் நாலு ரூபாய்தானே என்கிறார்கள். போடுகிறார்கள் என்பதும் அக்காவுக்குத் தெரியும். சிவப்புப் பட்டை கறுப்பாக விழுந்து படிக்கவே முடியாமல், ஒரு வாரம் கழித்து அவர்களே வந்து வாங்குகிறார்கள்.

இப்போது ஆடிட்டர் ஆபீஸ் பையன்கள் அக்காவை நச்சரிக்கிறார்கள். புதிய வருமான வரிச் சட்டம் 2025 ஆகஸ்ட் 11 அன்று மக்களவையில் கூச்சலுக்கு நடுவில், விவாதமே இல்லாமல் நிறைவேறியது. அதையும் அக்கா பார்த்தார், டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது என்றார். 819 செக்ஷன் 536 ஆகிறது, 2026 ஏப்ரல் 1 முதல் அமல். அதற்கும் ஒரு அட்டை போட்டுத் தாருங்கள் என்கிறார்கள். "அது என் சரக்கு இல்ல கண்ணு, நான் அடிதடிக்காரி" என்று அனுப்பிவிட்டார். ஆனால் ஓசூர் கம்பெனி வேலைக்குப் போகிற தன் தங்கை மகனுக்காக, 29 தொழிலாளர் சட்டங்களை நாலாக மடக்கிய தொகுப்புகளை வாங்கி, பென்சிலில் கோடு போட ஆரம்பித்திருக்கிறார். அவையும் நாலில் மூன்று 2020 செப்டம்பரில் எதிர்க்கட்சிகள் வெளியே இருந்தபோது நிறைவேறி, ஐந்து வருடம் தூங்கி, 2025 நவம்பர் 21 அன்று எழுந்து வந்தவை.

கடை காலை எட்டரைக்குத் திறக்கும், மத்தியானம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், குனிந்து உள்ளே போனால் திட்டமாட்டார். கோர்ட் விடுமுறை நாட்களில் ஆள் வந்தால்தான் கடை. அட்டை வாங்கும்போது திருப்பி, பின்பக்கத் தலைப்பைப் பாருங்கள். பழைய கட்டு ஒன்று இன்னும் தீரவில்லை. கடைசி ‘எஸ்’ மார்க்கரில் போட்டிருந்தால் வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் நீட்டுங்கள், அங்கேயே போட்டு, ஊதிக் காயவைத்துத் தருவார்.